சனிக்கிழமை கழுவிய செயின், திங்கட்கிழமை துரு: காங்கயத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

காங்கயத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சாளையில் என் அக்கா குடியிருக்கிறார். அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிளில் போக ஆறு, வர ஆறு என்று தினமும் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டுகிறாள். ஐப்பசி மழை பிடித்த ஒரு வாரம், திங்கட்கிழமை காலையில் அவளிடமிருந்து போன் வந்தது.

"மாமா, செயினு சுத்தவே மாட்டேங்குது. சனிக்கிழமதான் நல்லாக் கழுவி வெச்சேன். இப்பப் பாத்தா செங்கப்பொடியாட்டம் கொட்டுது."

நான் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரும்போடு முப்பது வருசமாகப் புழங்குகிறவன். அந்தப் போனைக் கேட்டதும் மனசு கஷ்டப்பட்டது. பிள்ளை அந்தச் செயினைக் கழுவாமல் அழுக்கோடு விட்டிருந்தால் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கும். அக்கறையாகச் செய்த வேலைதான் அதைக் கெடுத்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் "சும்மா குடுத்த சைக்கிளு, செயின் மட்டமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார்களாம். அது உண்மையா என்று பார்க்காமல் விடக் கூடாது என்று தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல்லடம் வழியாகப் பஸ் ஏறினேன். பையில் செயின் கட்டர், ஒரு அடி ஸ்கேல், பூதக்கண்ணாடி, ஒரு பொட்டலம் பனியன் வேஸ்ட்.

நடந்தது இதுதான்

பிள்ளை விவரமானவள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். அதனால் எந்த நேரத்தில் என்ன ஆனது என்பதை ஊகிக்க வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று.

சனிக்கிழமை பொழுதோட, நாலரை மணி. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பாத்திரம் கழுவும் லிக்விடைத் தண்ணியில் கலக்கி, கம்பி நாரால் செயினைத் தேய்த்திருக்கிறாள். செம்மண்ணும் பழைய ஆயிலும் சேர்ந்து தார் மாதிரி ஒட்டியிருந்த கறுப்பு அத்தனையும் போய்விட்டது. போர்வெல் மோட்டாரைப் போட்டு ஓஸ் பிடித்து அடித்து அலசியிருக்கிறாள். ஐந்து மணிப் படத்தில் செயின் வெள்ளி அரைஞாண் மாதிரி மின்னுகிறது. பழைய துண்டால் ஒரு துடைப்பு. வானம் மூடிக்கிடந்ததால் வெயில் இல்லை. மாடு கட்டும் கட்டுத்தறிக்குப் பக்கத்து இறவாரத்தில் நிறுத்திவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். எண்ணெய் விடவில்லை. "காஞ்ச பொறவு காலைல விடலாம்னு இருந்தேன் மாமா" என்றாள். இந்த ஒரு வரியை நான் நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிப் படத்தில் பக்கத் தகடுகளில் மஞ்சள் தூவினாற்போல் ஒரு பூச்சு. அம்முச்சி, அதாவது அவளுடைய அம்மாவழிப் பாட்டி, பார்த்துவிட்டு, "புளியப் போட்டுத் தேயி கண்ணு, செம்புக் கொடமே பளிச்சுனு ஆயிரும்" என்று சொல்லியிருக்கிறார். புளியைக் கரைத்துத் தேய்த்தாள். மஞ்சள் போயிற்று. மறுபடியும் போர்த் தண்ணி, மறுபடியும் ஒரு துடைப்பு. மத்தியானம் தூறல். சாயங்காலம் காபிப்பொடி நிறம். திங்கட்கிழமை காலையில் பெடலை மிதித்தால் கிரீச்சென்று கத்தி, பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலைத் தாண்டும்போது லிங்க்குகள் மடங்கியபடியே வந்தன.

நாற்பது மணி நேரத்துக்குள் இவ்வளவும்.

செயினைப் பிரித்தபோது

முதலில் ஸ்கேலை வைத்தேன். சைக்கிள் செயினில் கண்ணிகளை (லிங்க்குகளை) கோக்கும் ஆணிதான் பின்; ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே சரியாக அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். கியர் இல்லாத சைக்கிளோ கியர் சைக்கிளோ, இந்த அளவு மாறாது. ஆக 24 கண்ணி சேர்ந்தால் சரியாக ஒரு அடி. தேய்ந்த செயின் நீளும். ஒரு அடிக்கு மேல் பதினாறில் ஒரு அங்குலம் ஓடியிருந்தால் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்; எட்டில் ஒரு அங்குலம் ஓடியிருந்தால் செயினோடு பல்சக்கரமும் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்தச் செயினில் பின்னின் நடு, ஒரு அடிக் கோட்டை மயிரிழைதான் தாண்டியிருந்தது. செயின் மட்டம் என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

ஆனால் கையால் மடக்கிப் பார்த்ததில் 112 கண்ணியில் ஏழு கண்ணிகள் முறுக்கிக்கொண்டு நின்றன. அதில் ஒன்றைக் கட்டரால் தள்ளிப் பிரித்தேன். வெளியே பார்த்தால் தகட்டில் மேலோட்டமான துருதான், துணியால் துடைத்தாலே வந்துவிடும். உள்ளே வேறு கதை. பின்னின் நடுவில், புஷ் என்ற சின்னக் குழாய்க்குள் உட்காரும் அந்த இடத்தில், ஈரமான செங்கல் குழம்பு. பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். பின்னின் இரண்டு முனைகளும் பளபளப்பாக இருந்தன. நடுவில் மட்டும் ஊசியால் குத்தினாற்போல் சின்னச் சின்னக் குழிகள். கழுவி எட்டு நாள் ஆகியிருந்தது. இடையில் இரண்டு நாள் வெயிலும் அடித்திருந்தது. அப்படியும் உள்ளே ஈரம்.

செயினின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு செய்த புஷ் ரோலர் செயினின் வழிதான் இன்றைக்கும் எல்லாச் செயினும். கோவையில் தயாராகும் ரோலான் பைக் செயினும் அதே குடும்பம்தான். வெளித்தகடு இரண்டைப் பின் இணைக்கிறது. அந்தப் பின் உள்தகட்டின் புஷ்ஷுக்குள் சுழல்கிறது. புஷ்ஷுக்கு வெளியே ரோலர் சுழல்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று உருளைகள். இடையில் இருப்பது காகிதம் நுழையாத சந்து. இவ்வளவு குறுகலான இடத்துக்குள் தண்ணி தானாகவே இழுத்துக்கொண்டு போகும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. ஆனால் வெளியே வர வழியில்லை. வெயிலும் காற்றும் படுவது தகட்டின் மேல்தான். நாம் கண்ணால் பார்த்து "காஞ்சிருச்சு" என்று சொல்வதும் தகட்டைத்தான்.

இன்னொன்றும் உண்டு. துரு என்பது இரும்பும் தண்ணியும் காற்றும் சேர்ந்து ஆவது. அப்படியானால் காற்று அதிகம் படும் வெளிப்பக்கம்தானே அதிகம் துருப்பிடிக்க வேண்டும்? நடப்பது தலைகீழ். இதைப் பட்டறையிலேயே பார்க்கலாம். மெருகேற்றிய இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணி விட்டு மூடி வையுங்கள். சில மணி நேரத்தில் சொட்டின் ஓரம், காற்று நன்றாகப் படும் இடம், பளபளப்பாகவே இருக்கும். காற்று எட்டாத நடுப்பகுதி கறுத்துக் குழியாகும். இரண்டுக்கும் நடுவே வளையமாகத் துரு படியும். காற்று குறைந்த இடத்து இரும்பு கரைகிறது. காற்று நிறைந்த இடம் பிழைத்துக்கொள்கிறது. ஒரு சின்ன பேட்டரி அங்கே ஓடுகிறது என்று சொல்லலாம். செயினின் பின்னில் முனை மின்னி நடு அரித்திருந்ததும் இதே கணக்குத்தான்.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். காகிதம் நுழையாத சந்தில் அது பொங்கினால் லிங்க் இறுகாமல் என்ன செய்யும்? இறுகிய லிங்க்கை அப்படியே ஓட்டினால் துருப்பொடி உப்புத்தாள் மாதிரி பின்னை அராவும். மேலே சொன்ன பதினாறில் ஒரு அங்குல நீட்சி என்பது, ஒரு மூட்டுக்குக் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 0.066 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் கனம். அவ்வளவு தேய்ந்தால் போதும், ஒரு செயினின் ஆயுசு முடியத் தொடங்கிவிடும்.

உப்புத் தண்ணி

கொங்கு நாட்டில் தண்ணியை இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவோம். குழாயில் வாரத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ வருவது நல்ல தண்ணி. போரில் எடுப்பது உப்புத் தண்ணி. கோவையில் சிறுவாணி குடித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் நாக்கில் மட்டும்தான் தெரியும். காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் பக்கெட்டின் விளிம்பிலேயே தெரியும், வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும்.

அக்கா வீட்டு இரும்பு வாணலியைக் கவிழ்த்து, கறுப்பான அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு போர்த் தண்ணியும் ஒரு சொட்டு குழாய்த் தண்ணியும் விட்டு வெயிலில் வைத்தேன். காய்ந்த பிறகு முதல் சொட்டு இருந்த இடத்தில் சுண்ணாம்பால் வைத்த பொட்டு மாதிரி ஒரு வெள்ளை வட்டம். இரண்டாவது இடத்தில் உற்றுப் பார்த்தால்தான் தடம். பிள்ளை அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் செயினைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு ரோலருக்குள்ளும் அந்த வெள்ளை வட்டம்தான் உட்கார்ந்திருக்கிறது.

இந்தியக் குடிநீர்த் தர அளவான ஐ.எஸ். 10500-இன்படி, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கவை; வேறு தண்ணியே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். நம் பக்கத்துப் போர்கள் பல இந்த இரண்டுக்கும் நடுவிலோ அதற்கு மேலோ நிற்பவை. மாடு குடிக்கும், பயிர் தாங்கும். எண்ணெய் நீங்கிய இரும்பு தாங்காது. உப்பு, தண்ணியில் மின்சாரம் ஓடுவதைச் சுலபமாக்குகிறது. நான் சொன்ன அந்தச் சின்ன பேட்டரி வேகமாக ஓடும். அது மட்டுமில்லை, காய்ந்த பிறகும் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகை ராத்திரிகளில் பனியும் இறங்கும். பக்கத்தில் கட்டுத்தறி வேறு, மாட்டு மூத்திரத்தின் ஆவி. பாத்திரம் கழுவும் லிக்விடைக் கெட்டியாக்கவே பல தயாரிப்புகளில் உப்புச் சேர்க்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அதை நன்றாக அலசினாலும், அலசியது உப்புத் தண்ணியால் என்றால் பயனில்லை.

ஆக, எல்லாம் ஒன்றுசேர்ந்து வந்த ராத்திரி அது. ஆனாலும் இதில் ஒன்றைத்தான் நான் காரணம் என்று சொல்வேன். எண்ணெய் போன பிறகு, ஈரம் போகும் முன்பு, கடந்துபோன அந்தப் பதினாலு மணி நேரம். உப்புத் தண்ணியும் பனியும் அதை வேகப்படுத்தின.

பட்டறையில் ஐந்து துண்டு

கோவைக்குத் திரும்பியதும் ஒரு பழைய செயினை எடுத்தேன். தேய்மானம் குறைவு, துரு இல்லை. எட்டு எட்டுக் கண்ணியாக ஐந்து துண்டாக வெட்டி, ஐந்தையும் சீமெண்ணெயில் ஊற வைத்துத் துலக்கினேன். அக்கா வீட்டுப் போர்த் தண்ணியைக் கேனில் கொண்டுவந்திருந்தேன்.

முதல் துண்டு பிள்ளை செய்தது போலவே. லிக்விட், போர்த் தண்ணி, ஒரு துடைப்பு, நிழலில் தொங்கல். காலையில் மஞ்சள். அதே படம்.

இரண்டாவதைக் கழுவி, நன்றாகத் துடைத்து, முற்பகல் முழுக்கத் தகரக் கூரைமேல் நல்ல வெயிலில் போட்டேன். வெளியே சுத்தமாக இருந்தது. மறுநாள் பிரித்தால் இரண்டு பின்களில் மஞ்சள். வெயில் தோற்றது என்று சொல்ல மாட்டேன், வேசகாலத்து (கோடை) வெயிலாக இருந்தால் இரும்பு கை வைக்க முடியாமல் சுடும், உள்ளேயும் காய்ந்திருக்கும். ஐப்பசி வெயிலை நம்பி மட்டும் விடக் கூடாது.

மூன்றாவதுதான் எனக்குப் பாடம். கழுவி, உதறி, துடைத்து, உடனேயே மிஷின் ஆயில் விட்டேன். எண்ணெய் போட்டாயிற்றே, இனி என்ன ஆகும் என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து மடக்கிப் பார்த்தால் ரோலர் ஓரத்தில் மோர் மாதிரி வெளுத்த கூழ் கசிந்தது. நாலாம் நாள் அது பழுப்பு. உள்ளே இருந்த தண்ணியை எண்ணெய் விரட்டவில்லை. மேலே மூடி போட்டு அடைத்து வைத்துவிட்டது. சாதாரண எண்ணெய்க்குத் தண்ணியைத் தள்ளும் குணம் கிடையாது. அதற்கென்றே செய்த ஸ்பிரேக்கள் வேறு. டபிள்யூடி-40 என்ற பெயரே தண்ணியை விலக்குதல், நாற்பதாவது முயற்சி என்பதன் சுருக்கம்தான். 1953-இல் அமெரிக்காவில் செய்தார்கள். தண்ணியை விலக்க அது நல்ல சாமான். ஆனால் அதையே செயினுக்கு எண்ணெயாக வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது, படலம் மிக மெல்லியது, சீக்கிரம் போய்விடும்.

நாலாவது துண்டைக் கழுவி, கொதிக்கக் காய்ச்சிய நல்ல தண்ணியில் முக்கி எடுத்தேன். உப்பும் போகும், இரும்பும் சூடேறும். தன் சூட்டிலேயே ஆவி பறக்கக் காயும். பிறகு மெடிக்கல் கடையில் வாங்கிய ஐசோபுரோபைல் ஸ்பிரிட்டில் இரண்டு நிமிசம் ஆட்டினேன். ஸ்பிரிட் தண்ணியோடு கலந்து, சந்துக்குள் மிச்சமிருப்பதையும் இழுத்துக்கொண்டு பறந்துவிடும். ஆறியதும் எண்ணெய். பிரித்துப் பார்த்ததில் கறையே இல்லை. கொரோனா காலத்தில் வாங்கி மீந்த ஜெல் சானிடைசரை இதற்கு எடுத்துவிடாதீர்கள், அதில் கிளிசரினும் தண்ணியும் கலந்திருக்கும்.

ஐந்தாவது, தண்ணியே காட்டாதது. சீமெண்ணெயில் துலக்கி, துடைத்து, எண்ணெயும் விடாமல் ஆணியில் மாட்டினேன். நாலு நாளும் அப்படியே இருந்தது. சீமெண்ணெய் பறந்தாலும் மெல்லிய பசையை விட்டுப் போகிறது.

காங்கயம் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், என் அப்பாரு காலத்து ஆள், நான் பஸ்ஸுக்கு நின்றபோது விசயத்தைக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். "ஏனுங் தம்பி, மாட்டுக்குத் தண்ணி காட்டோணும், செயினுக்கு எண்ணெய்தானுங் காட்டோணும்." ஐந்தாவது துண்டு அவர் பக்கம். ஆனால் நாலாவதையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மழையில் ஓட்டுகிற பிள்ளையின் செயினில் தண்ணி படாமல் இருக்காது. தண்ணி பட்டால் எப்படி வெளியே எடுப்பது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

புளி பற்றி

அம்முச்சி மேல் குறை சொல்ல எனக்கு மனசில்லை. செம்பிலும் பித்தளையிலும் புளி செய்வது உண்மையான வேலை, அதிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கிறது. இரும்பின் துருவையும் கரைக்கும். ஆனால் துரு தீர்ந்ததும் அது நிற்பதில்லை, இரும்பிலேயே கை வைக்கும். குடத்தை அலசினால் புளி போய்விடும். செயினுக்குள் போன புளியை அலசி எடுக்க முடியாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. செயினின் தகடும் பின்னும் சூடேற்றிக் கடினப்படுத்திய உருக்கு. அமிலம் அத்தகைய உருக்கில் வேலை செய்யும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவரும். செயின் செய்கிறவர்கள் அமிலத் துருநீக்கியைத் தொடாதே என்று கையேட்டிலேயே எழுதுவது இதனால்தான். ஒரு தடவை புளி தேய்த்ததால் உடைந்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். ஏற்றத்தில் நின்று மிதிக்கும்போது முழுப் பாரமும் அந்தத் தகட்டில்தான் தொங்குகிறது, அதனால் எலுமிச்சை, வினிகர், புளி எதையும் செயினுக்கு நான் சொல்லமாட்டேன்.

மீட்டது

அடுத்த வாரம் மறுபடி போனேன். செயினின் இரண்டு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கின் கிளிப்பை மூக்கு பிளேயரால் நகர்த்திக் கழற்றி, செயினை ஒரு பழைய போசியில் போட்டு, மூழ்கும்வரை டீசல் ஊற்றினோம். ரேசனில் சீமெண்ணெய் இப்போது எளிதில் கிடைப்பதில்லை; டீசல் கொஞ்சம் பிசுபிசுப்பு என்றாலும் துருவுக்குள் நன்றாக இறங்கும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம் என்று பிள்ளையிடம் இரண்டு தடவை சொன்னேன். அடுப்புக்கும் கட்டுத்தறி வைக்கோலுக்கும் தள்ளி, போசியைத் திண்ணையில் ஒரு ராத்திரி மூடி வைத்தோம்.

காலையில் டீசல் ரசம் மாதிரி சிவந்திருந்தது. பழைய பல் பிரஷ்ஷால் துலக்கினோம். இறுகிய ஏழு லிங்க்கையும் ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் பிடித்து, முதலில் மேலும் கீழும், பிறகு தகட்டுக்குக் குறுக்கே மெல்ல இடமும் வலமும் வளைத்து விட்டோம். ஆறு லிங்க் இளகின. ஏழாவது வரவேயில்லை. அந்த இடத்தில் ஒரு அங்குலத்தை வெட்டிவிட்டு, பட்டறைச் செயினிலிருந்து அதே அகலத்துத் துண்டைச் சேர்த்தேன். பிறகு புது டீசலில் ஒரு அலசல், பனியன் வேஸ்ட்டால் ஒரு முழு இழுப்பு. திருப்பூரில் பனியன் வெட்டியதில் மீந்த இந்தப் பருத்தித் துணிக்கு நிகராக உறிஞ்சுவது எனக்குத் தெரிந்து வேறில்லை. பாலியஸ்டர் கலந்த துண்டு ஈரத்தைத் தள்ளித்தான் விடும், வாங்காது. பஞ்சர் கடையில் கம்ப்ரஸர் காற்று அடிக்கலாமா என்று பிள்ளை கேட்டாள். அடிக்கலாம். ஆனால் டேங்கின் அடி வால்வைத் திறந்து தேங்கிய தண்ணியை முதலில் வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்றோடு தண்ணியையும் உள்ளே அடித்துவிடுவார்கள். கண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அழுக்கு டீசலைத் தென்னை மரத்தடியில் ஊற்றப் போனார்கள். வேண்டாம் என்று கேனில் பிடித்து வைத்தேன். இரண்டு நாளில் சேறு அடியில் படியும், மேலே தெளிந்தது அடுத்த தடவைக்கு ஆகும். சேற்றை என் பட்டறையின் கழிவு ஆயில் டிரம்மில் சேர்த்துக்கொண்டேன்.

எந்த எண்ணெய் என்று வீட்டில் ஒரு விவாதம். காங்கயத்தில் தேங்காய் எண்ணெய்க்குக் குறைவில்லை, செக்கிலிருந்து சொம்பிலேயே வரும். ஆனால் அது இருபத்து நாலு டிகிரி அளவில் உறையும். மார்கழிக் காலையில் செயினில் மெழுகாக நிற்கும். புழுதியையும் பிடிக்கும். தையல் மிஷின் ஆயில் உள்ளே நன்றாக இறங்கும், ஒரு மழைக்குத் தாங்காது. வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலைப் பலர் விடுகிறார்கள். அதில் கரியும் உலோகத்தூளும் கலந்திருக்கும், துருவுக்குப் பதில் தேய்மானத்தை வாங்கியதாகும். பைக் சர்வீசில் மிச்சமாகிப் பரணில் கிடந்த புது 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலைத்தான் எடுத்தோம்.

ஆயிலை ஊற்றக் கூடாது. ஊசி போடும் சிரிஞ்சில் ஏற்றி, ரோலருக்கும் உள்தகட்டுக்கும் நடுவே தெரியும் கோட்டில் ஒரு சொட்டு. அடுத்த ரோலர், ஒரு சொட்டு. நூற்றுப் பன்னிரண்டு சொட்டு. பிள்ளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே விட்டாள், அக்கா நடுவில் கூப்பிட்டதற்குக்கூடப் பதில் சொல்லவில்லை. பெடலைப் பின்னால் இருபது சுற்று. ஒரு மணி நேரம் விட்டு, வெளியே தெரியும் எண்ணெய் முழுவதையும் துணியால் துடைத்தோம். வெளியே இருக்கும் எண்ணெய்க்கு வேலை எதுவும் இல்லை. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும்போது அவ்வளவு மண்ணையும் அதுதான் பிடித்து வைக்கும்.

பிறகு

மழை நாளில் வீடு வந்ததும் பனியன் துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னால் பத்துச் சுற்று, ஒரு நிமிச வேலை. ராத்திரி முழுக்கக் காய்ந்த இடத்தில் நிற்க, கட்டுத்தறியிலிருந்து சைக்கிளைத் திண்ணைக்கு மாற்றினோம். மறுநாள் காலையில் சத்தம் கேட்டால் மட்டும் சொட்டு விடுவது. கார்த்திகையில் ஒன்பது நாள் நனைந்த பிறகும் ஒரு லிங்க்கும் இறுகவில்லை. தகடுகளில் பழைய துருவின் கறை கறுப்பாகத் தங்கிவிட்டது, அது அப்படியே இருக்கட்டும். செயினை மூடும் அரைக் கவரின் அடி வளைவில் சேறு தேங்கி ஈரத்தைப் பிடித்து வைப்பதை மட்டும் நான் முதலில் கவனிக்கவில்லை. அதைப் பிள்ளைதான் கண்டுபிடித்து குச்சியால் நோண்டி எடுக்கிறாள்.

தை பிறந்து முதல் ஞாயிறு மறுபடி போன். இந்தத் தடவை அவளே கழற்றி, அவளே டீசலில் போட்டு, துடைத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, கிளிப்போட வாய் எந்தப் பக்கம் பாக்கோணும்?"

"செயினோட மேல்பக்கம் முன்னாலதான கண்ணு ஓடும். மூடுன பக்கம் முன்னால, வாய் பின்னால. எதாச்சும் தட்டுனாலும் கழலாது."

"அப்படித்தான் போட்டிருக்கேன். வெச்சர்றேன் மாமா, இன்னும் எழுவது சொட்டு பாக்கி இருக்குது."